அலுவல் எழுத்தும் முதுகலைத் தமிழ்ப் பாடமும்: தாம்பரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அதன்பின் எழுந்த ஆட்சித்தமிழ் ஆய்வுகளுள் பெரும்பகுதி கலைச்சொல்லைச் சுற்றியே நின்றது. நிகர்ச்சொல் கிடைத்துவிட்டால் அலுவல் எழுத்தும் கைவந்துவிடும் என்னும் எண்ணம் முதுகலைப் பாடத்திட்டங்கள் பலவற்றிலும் படிந்திருக்கிறது. அலுவலகத் தமிழ், பயன்பாட்டுத் தமிழ் என்னும் பெயர்களில் விருப்பப் பாடமாக வருவன பெரும்பாலும் சொற்பட்டியலும் கடித மாதிரிகளுமே. மாணவர் விண்ணப்பம் எழுதப் பழகுகிறார். விண்ணப்பத்துக்கு விடை எழுதப் பழகுவதில்லை.

சிக்கல் சொல்லில் இல்லை, தொடரில் உள்ளது. 'செயல்முறைகள்' என்னும் ஆவண வகையை எடுத்துக்கொள்வோம். அதன் தலைப்பில் 'முன்னிலை' என்று குறித்து அலுவலரின் பெயர் இடம்பெறும். இலக்கணத்தில் முன்னிலை என்பது கேட்போன்; இங்கோ அது ஆணையிடுவோன். உண்மையில் கேட்போராகிய குடிமக்கள் 'மனுதாரர்' எனப் படர்க்கைக்குத் தள்ளப்படுகின்றனர். தலைப்பில் பெயருடன் விளங்கிய அலுவலரும் உள்ளே 'கேட்டுக்கொள்ளப்படுகிறது', 'நிராகரிக்கப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வினைகளுக்குள் மறைந்துவிடுகிறார். வினைமுதலை மறைத்துப் பேசுவது தமிழுக்குப் புதிதன்று. செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுவதைத் தொல்காப்பியம் வழக்கியல் மரபாகவே ஏற்கிறது. மெழுகப்பட்ட திண்ணை தானே மெழுகிற்றாகக் கூறுவதை உரையாசிரியர்கள் சான்று காட்டுவர். ஆனால் திண்ணையை மெழுகியவர் யாரென்று எவரும் மேல்முறையீடு செய்வதில்லை. பட்டா மாறுதல் மறுக்கப்பட்டவருக்கோ மறுத்தவர் யார், எக்காரணத்தால், அடுத்து யாரை அணுகுவது என்பனவே செய்தி. இவ்வகைத் தொடரியல் ஆய்வு சங்கப் பாடல்களுக்கு நிகழும் அளவில் ஒரு குறிப்பாணைக்கு நிகழ்ந்ததில்லை.

இத்தகைய ஆய்வுக்குத் தாம்பரத்தைப்போல வாய்ப்பான களம் அரிது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937 முதல் இங்கு இயங்குகிறது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளோடு பேரூராட்சிகள் சிலவும் இணைந்து 2021-இல் மாநகராட்சி உருவானது. தனித்தனி அலுவலகங்களில் வளர்ந்த எழுத்து வழக்குகள் ஒரே முத்திரையின்கீழ் வந்துள்ளன. சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வீட்டுக்கு வரும் சொத்துவரி அறிவிப்பே தரவு. ஏற்றுமதி வளாகத் தொழிற்சாலைகள் இன்னொரு களம். தொழிற்சாலைகள் சட்டம், 1948, தான் வேண்டும் அறிவிப்புகளை ஆங்கிலத்தோடு தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் வைக்கப் பணித்தது. அம்மொழி தமிழாகுமிடத்து அதை எழுதுவோருக்குப் பயிற்சி தரும் முதுகலைத் தாள் எது?

தொழிற்பயிற்சிக்கு இலக்கியத் துறை இறங்கிவிடலாகாது என்னும் தடையை இங்கு எதிர்பார்க்கலாம். அது வலுவானதன்று. உரைநடையின் வரலாற்றைக் கற்பிக்கும் துறை, மக்கள் நாள்தோறும் கையில் வாங்கும் உரைநடையை விலக்குவது முரண். அரசுப் பணித் தேர்வாணையத்தின் தொகுதி 2 முதன்மைத் தேர்வில் சுருக்கி வரைதலும் அலுவல் கடிதமும் ஏற்கெனவே தமிழ்த் தகுதித்தாளில் உள்ளன. அவற்றைக் கற்பிக்கும் பொறுப்பு பெரிதும் தனியார் பயிற்சி மையங்களிடம் போய்விட்டது. அங்கே மதிப்பெண்ணுக்குரிய வடிவமே இலக்கு. வாசிப்பவர் கணக்கில் வருவதில்லை.

முதற்படியாக, முதுகலை ஆய்வேடு ஒன்றேனும் ஓர் அலுவலகத்தின் ஓராண்டு மறுப்பாணைகளைத் தரவாகக் கொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, அதற்கு வழி தருகிறது. அம்மனுவுக்கு வரும் விடையும் பிற்சேர்க்கையில் சேர்க்கத்தக்க தரவே.