செத்தவன் யாருங்கிற கேள்வி

எங்க பெரியப்பாவோடு உட்கார்ந்து 'தி ஸ்டோன்மேன் மர்டர்ஸ்' படத்தைப் பார்த்தேன். 2009இல் வந்த இந்திப் படம், மணீஷ் குப்தா இயக்கியது. எனக்கு இந்தி தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியும். மழை பொய்த்து, சுந்தரபாண்டியத்தில் வயல்வேலை அத்துப்போன ஒரு வருசம் பம்பாய்க்கு ரயிலேறி, மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் ஆறு வருசம் பாத்திரம் கழுவியவர். படிப்பு மூணாங்கிளாஸ். எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு அவர்தான் வசனத்துக்கு வசனம் அர்த்தம் சொன்னார்.

படத்துக்கு ஆதாரமான சம்பவம் உண்மையானது. 1985இலிருந்து 1987 வரை சயான், கிங் சர்க்கிள் பகுதிகளில் நடைபாதையில் தூங்கிய 12 பேர் கொல்லப்பட்டார்கள். தனியாகப் படுத்திருக்கிறவனாகப் பார்த்து, 30 கிலோ வரை கனமுள்ள கல்லைத் தூக்கித் தலையில் போடுவது. அவ்வளவுதான், சத்தம்கூட இருக்காது. சயானில் அடிபட்டுத் தப்பிய ஒரே ஆள் வீடில்லாத ஓட்டல் சர்வர். வெளிச்சம் பத்தாததால் அடித்தவனை அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆறாவது கொலைக்கு அப்புறம்தான் இதில் ஒரு தொடர்ச்சி இருப்பதே போலீசுக்கு உறைத்தது. 1989இல் கல்கத்தாவில் இதே மாதிரி 13 பேர். இரண்டு ஊரிலும் கொலையாளி பிடிபடவில்லை. ஒரே ஆளா, வேறவேற ஆளா என்பதும் தெரியவில்லை.

படம் இதை எப்படிச் சொல்கிறது? லாக்கப்பில் ஒரு ஆள் செத்துப்போனதால் சஸ்பெண்ட் ஆன சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் (கே கே மேனன்). கல்லுக்காரனைப் பிடித்துக் கொடுத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று ரகசியமாகத் துப்பறிகிறார். அவரையே சந்தேகப்படும் இன்னொரு அதிகாரி (அர்பாஸ் கான்). ராத்திரி, சந்து, ஓட்டம், பழைய கார்கள். மேனன் நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் லாக்கப்பில் செத்தவன் என்ன ஆனான்? அவன் நாயகனின் உத்தியோகத்துக்கு வந்த இடைஞ்சல். படம் அவனை அதோடு மறந்துவிடுகிறது. நாமும் மறந்துவிட்டு, "ஐயோ, இவருக்கு வேலை கிடைக்கணுமே" என்று பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பிரதியின் அரசியல் இதுதான்.

பெரியப்பா படத்தை வேற மாதிரி பார்த்தார். "ஏய்யா, இவன் என்ன இம்புட்டு எடம் விட்டுப் படுத்துருக்கான்? அந்த வருசத்துல ஒருத்தனும் தனியாப் படுக்கமாட்டோம். ஆளோட ஆள் ஒட்டி, தலைய செவுத்துப் பக்கம் வச்சுத்தான் படுப்போம். ஒருத்தன் முழிச்சிருக்கணும். முறை போட்டுருந்தோம், கண்மாய்த் தண்ணிக்கு முறை போடுற மாதிரி. எனக்கு ரெண்டு மணிலேருந்து மூணு மணி வரைக்கும்." தலைக்கு வைத்துப் படுக்கிற செங்கலைக்கூடத் தூரப் போட்டுவிட்டார்களாம். கையெட்டும் தூரத்தில் கல்லே கிடக்கக்கூடாது என்று.

இந்த முறைக்காவல் படத்தில் இல்லை. இயக்குநருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தெரிந்திருந்தாலும் வைக்க முடியாது. வைத்தால் நடைபாதையில் கிடப்பவன் பலியாடாக இருக்கமாட்டான். அவனே காவல்காரன் ஆகிவிடுவான். அப்புறம் சஸ்பெண்ட் ஆன சப்-இன்ஸ்பெக்டருக்கு என்ன சோலி?

இந்த வகைப் படங்களுக்குத் தாய்வீடு லண்டன். 1888இல் வொயிட்சேப்பல் வட்டாரத்தில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்ட வழக்கு, இன்றுவரை கண்டுபிடிக்கப்படாதது. அதை வைத்து வந்த எத்தனையோ படங்களில் பெரிய படம் 'ஃப்ரம் ஹெல்' (2001). எடுத்தவர்கள் ஆல்பர்ட், ஆலன் ஹியூஸ் என்ற கறுப்பின இரட்டைச் சகோதரர்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பர் குடியிருப்பின் வன்முறையைப் படமாக்கி அறிமுகமானவர்கள். அதனால் எதிர்பார்த்து உட்கார்ந்தேன். அரண்மனையும் பெரிய மனிதர்களும் சேர்ந்து மூடிமறைத்த குற்றம் என்று மேல்தட்டை நோக்கி விரல் நீட்டுகிற வரைக்கும் சரிதான். ஆனால் முடிவைப் பாருங்கள். நாயகன் காதலித்த மேரி கெல்லி படத்தில் சாகவில்லை. அவளுக்குப் பதிலாக அவள் படுக்கையில் இருந்த இன்னொருத்தி சாகிறாள், ஆள் மாறிப்போய். நமக்கு நிம்மதியாக இருக்கிறது. அந்த இன்னொருத்தியின் பெயர் படம் முடிந்ததும் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

ஐந்து பேரும் விபச்சாரிகள் என்றே நூறு வருசத்துக்கு மேலாக எழுதினார்கள். 2019இல் ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியர் அந்த ஐவரின் வாழ்க்கையை மட்டும் தேடி ஒரு புத்தகம் எழுதினார். குறைந்தது மூன்று பேர் அப்படி இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்கிறார். மேரி ஆன் நிக்கோல்ஸுக்கும் ஆனி சாப்மனுக்கும் அன்று ராத்திரி சத்திரத்தில் கட்டிலுக்குக் கொடுக்க நாலு பென்னி இல்லை. வெளியே நின்றார்கள். தூங்கும்போதுதான் பெரும்பாலும் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது ரூபன்ஹோல்டின் வாதம். லண்டனோ சயானோ, படுக்க இடமில்லாததுதான் சாவுக்குக் காரணம். அதற்குத் துப்பறியும் அதிகாரி தேவையில்லை.

கொலைகாரனுக்கு மட்டும் ஊரே கூடிப் பெயர் வைக்கிறது. லண்டனில் ஒரு கடிதத்திலிருந்து வந்த பெயர். அதையே பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியிருக்கலாம் என்று சந்தேகம். கல்லுக்காரனுக்கு 'ஸ்டோன்மேன்' என்று வைத்ததும் பத்திரிகைதான். நம்ம தமிழ்ப் படம் மட்டும் என்ன? 'சிகப்பு ரோஜாக்க'ளில் (1978) கொலைகாரனுக்குப் பால்யகாலம் இருக்கிறது, அதற்கொரு சோகம் இருக்கிறது. ரோஜாத் தோட்டத்துக்கு அடியில் கிடக்கிற பெண்களுக்கு அதெல்லாம் கிடையாது. 'ஜெய் பீம்' (2021) மேல் எனக்கு விமர்சனம் உண்டு. 1993இல் போலீஸ் கொன்ற ராஜாக்கண்ணு குறவர். படம் அவரை இருளர் ஆக்கியது. என்றாலும் செத்தவனின் மனைவி, 'என் புருசன் எங்கே' என்று கேட்பதிலிருந்து அந்தக் கதை நகர்கிறது. அந்த வித்தியாசம் சின்னதல்ல.

எம்.ஏ.வில் நடுகல்லுக்குப் பத்து மார்க் கேள்வி உண்டு. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் சொல்லும் ஆறு துறைகளையும் மனப்பாடம் பண்ணினேன். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குப் பெயரும் செயலும் வெட்டிய கல். சயானில் கல்லடியில் செத்தவர்களில் பலரை இன்னாரென்றே அடையாளம் காண முடியவில்லை. தேடி வர ஆளில்லை. அதில் நம்மாட்கள் இருந்தார்களா? அந்த இடங்கள் தாராவிக்கு ஒட்டினாப்ல இருக்கின்றன. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துச் சனம் ஏராளம். அதற்குமேல் நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அதே 1985, ஜூலை 10. நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்பார்கள். பிழைப்பும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. அதே வாயால், நடைபாதையிலிருந்து அகற்றலாம், ஆனால் மழைக்காலம் முடியட்டும், அக்டோபர் 31க்கு அப்புறம் செய் என்றது. மனுதாரர்களில் ஒருவர் நம்ம சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. 1961இல் போனவர். நடைபாதையில் பிளாஸ்டிக் கூரைக்கு ஒரு தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதிருக்கிறார். 1981 ஜூலையில் அதைப் பிடுங்கி எறிந்து, குடும்பத்தோடு சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மறுபடி பம்பாய் வந்து நடைபாதையிலேயே படுத்தார். இது தீர்ப்பில் அச்சாகியிருக்கிறது, அவர் பெயரோடு. எனக்கு இந்தப் படத்தைவிட அந்த ஒரு பத்திதான் திகிலாக இருந்தது.

படம் கொலையாளியைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது. நிஜத்தில் பிடிபடாதவனுக்கு ஒரு முகம் கொடுத்து நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது. பெரியப்பா அந்த இடத்தில் சுவாரசியம் காட்டவில்லை. ஒட்டிப் படுத்தவர்களில் ஒரு பையன் ஒருநாள் வரவேயில்லை, ஊருக்குப் போனானா என்னவென்று தெரியாது, துணிப்பை மட்டும் ரொம்ப நாள் கிடந்தது என்றார். பெயர் என்ன என்று கேட்டேன். "எங்க எல்லாரையும் மதராசின்னுதான் கூப்பிடுவாங்க. நாங்களும் ஒருத்தனுக்கொருத்தன் அப்படியே கூப்பிட்டுக்கிட்டோம்."

அந்த வருசங்களில் சயான், மாட்டுங்கா, கிங் சர்க்கிள் நடைபாதைகளில் படுத்து எழுந்தவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். எங்கே படுத்தார்கள், பக்கத்தில் யார் படுத்தார்கள், அவர்களுக்கு எந்த ஊர், யாருக்கு எத்தனை மணிக்குக் காவல் முறை என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம்.