ஒரே பெட்டியை நம்பி எழுதியது

திரையில் 'ஸ்டார்ட் பட்டனை அழுத்தவும்' என்று மின்னிக்கொண்டிருந்தது. என் கீபோர்டில் அப்படியொரு பட்டன் இல்லை. எண்டரைத் தட்டினேன், ஸ்பேஸைத் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. எஸ்கேப்பைத் தட்டியதும் ஆட்டமே மூடிக்கொண்டது. தள்ளுபடியில் ஆசையாக வாங்கிய ஆட்டம்; பெயர் வேண்டாம். செய்தவர்களில் ஒருவர்கூட கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அதைத் திறந்து பார்த்ததில்லை என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

கன்சோலுக்கென்று செய்த வீடியோ கேமைக் கணினியில் ஓடும்படி மாற்றுவதை 'போர்ட்' என்கிறார்கள். கணினியில் விளையாடுகிறவர்கள் இந்தச் சொல்லைப் பெருமூச்சோடுதான் சொல்வார்கள். அவர்கள் வாயில் 'மோசமான போர்ட்' என்பது ஒரே சொல்லாகிவிட்டது. ஆனாலும் என் ஹார்ட் டிஸ்கில் இருப்பதில் பாதிக்குமேல் போர்ட்தான். ஜப்பானியர்கள் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளை மனத்தில் வைத்துச் செய்த ஆட்டங்கள், கன்சோல் வாங்க வழியில்லாத என்னைப் போன்றவர்களை வந்தடைந்தது அந்த வழியாகத்தான். எனவே மொத்தமாகத் திட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. கோளாறு எங்கே, அது யாருடையது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

பிளேஸ்டேஷன் 3-ஐ எடுத்துக்கொள்வோம். டோக்கியோவில் விற்றதும் டெல்லியில் விற்றதும் உள்ளே ஒன்றேதான். 256 எம்பி பொது நினைவகம், கிராபிக்ஸுக்கு இன்னொரு 256 எம்பி, செல் என்ற விசித்திரமான பிராசஸர். கோடிக்கணக்கான பெட்டிகள், எல்லாம் ஒரே அச்சு. நிரல் எழுதுகிறவர் எந்த வேலைக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகும் என்று அளந்தே வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறைந்த நினைவகத்தில் அவ்வளவு பெரிய உலகங்களை அடக்கியது இந்த அளவெடுப்பால்தான். அதாவது, ஒரே பெட்டியை நம்பி எழுதுவது கன்சோலில் சோம்பல் கிடையாது, கைத்திறன். அதே நம்பிக்கை, ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாத கணினிகளுக்கு வரும்போது காலை வாருகிறது.

இதை அருகில் போய்ப் பார்க்க 'டார்க் சோல்ஸ்' போல ஒரு சாட்சி கிடைக்காது. ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்த அந்த ஆட்டம் 2011-இல் கன்சோல்களுக்கு வந்தது. கணினிக்கும் வேண்டும் என்று பல்லாயிரம் பேர் இணையத்தில் மனு போட்டார்கள். 2012 ஆகஸ்டில் வந்தது. எங்களுக்குக் கணினி அனுபவம் போதாது, கன்சோலில் இருந்ததை அப்படியே கொண்டுவருகிறோம் என்று தயாரிப்புத் தரப்பு முன்னதாகவே ஒப்புக்கொண்டிருந்தது. அந்த நேர்மையைப் பாராட்டலாம். வந்த பொருளைப் பாராட்ட முடியவில்லை. அமைப்புகளில் 1920×1080 என்று தேர்ந்தெடுத்தாலும் ஆட்டம் உள்ளுக்குள் 1024×720 அளவில்தான் படத்தை வரைந்து, பிறகு அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. கணக்குப் போட்டால் வரைய வேண்டிய புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தாலும் அதே மங்கல்.

வெளிவந்த அன்றே பீட்டர் தோமன் என்ற ஆஸ்திரியர், 'டுரான்டே' என்ற புனைபெயரில், 'டிஎஸ்ஃபிக்ஸ்' என்ற சிறு திருத்தத்தை இலவசமாக வெளியிட்டார். மங்கல் போயிற்று. ஒரு நிறுவனம் செய்யாததை ஒரு தனிமனிதர் ஒரே நாளில் செய்துவிட்டார் என்று எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் கதையின் சுவையான பகுதி அதற்கடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது.

கன்சோலில் இந்த ஆட்டம் நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும். டிஎஸ்ஃபிக்ஸின் பிந்தைய பதிப்பு அதை 60 ஆக்கும் வசதியைத் தந்தது. கண்ணுக்கு வெண்ணெய் போலிருந்தது. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது: ஏணியில் சறுக்கி இறங்காதீர்கள். மீறி இறங்கியவர்களின் வீரர் சில சமயம் தரையில் நிற்காமல், தரைக்குள் புகுந்து, அடியில் இருக்கும் வெற்றிடத்தில் விழுந்து செத்தார். தாண்டும் தூரமும் குறைந்துபோனது. காரணம் எளிது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடையில் 33 மில்லிசெகண்ட் ஓடியிருக்கும் என்று நம்பி அசைவுக் கணக்கை எழுதியிருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஃப்ரேமையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். இடைவெளி பாதியானதும் கணக்கு பிசகியது. கன்சோலில் அந்த ஏணி ஒருநாளும் யாரையும் கொன்றதில்லை என்பதால், இப்படியொரு குழி இருப்பதே வெளியில் தெரியவில்லை.

இரண்டாம் பாகம் 2014-இல் கணினியில் 60 ஃப்ரேமோடு முறையாகவே வந்தது. இந்த முறை ஆயுதங்கள் இரு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. அதே ஃப்ரேம் கணக்கு, வேறொரு மூலையில். திருத்தம் வர ஓராண்டு போல ஆயிற்று. தவறு செய்வது புரிகிறது. தெரிந்த தவறை அடுத்த வீட்டிலும் குடிவைத்தது எனக்குப் புரியவில்லை.

இப்போது இந்த வகைக் கோளாறு குறைந்துவிட்டது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் கணினியில் இருக்கும் அதே வகை பிராசஸரைத் தாங்கி வந்தன. இனிமேல் போர்ட் செய்வது சுலபம் என்று அப்போது பேசிக்கொண்டோம். பழைய பேய் போய்ப் புதுப்பேய் வந்தது. அதன் பெயர் ஷேடர். வெளிச்சம், நிழல், உலோகத்தின் பளபளப்பு எல்லாவற்றையும் கிராபிக்ஸ் சில்லுக்குச் சொல்லித்தரும் சிறு நிரல்கள் அவை. கன்சோலில் சில்லு ஒன்றே என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே மொழிபெயர்த்து ஆட்டத்தோடேயே வைத்துவிடலாம். கணினியில் கார்டுக்குக் கார்டு, டிரைவருக்கு டிரைவர் மொழி மாறும். வாங்கியவர் வீட்டில்தான் மொழிபெயர்க்க வேண்டும். விளையாட்டின் நடுவே செய்தால், புதிதாக ஓர் எதிரி தோன்றும் போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கும். முன்னதாகவே செய்தால், காத்திருக்க வேண்டும்.

2023 மார்ச்சில் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' இரண்டாவது வழியை எடுத்தது. முதல் பக்கத்திலேயே ஷேடர் தயாராகிறது என்று ஒரு சதவீதக் கணக்கு நகரும். சிலருக்கு அது ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. ஸ்டீம் இணையக் கடையில் வாங்கியதைத் திருப்பித்தர வேண்டுமென்றால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த நேரமும் அந்தக் கணக்கில் விளையாடிய நேரம்தான்! நினைவகம் வேறு பாடாய்ப் படுத்தியது. பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி ஒரே குளம், யார் வேண்டுமானாலும் மொள்ளலாம். கணினியில் பிராசஸருக்கு ஒரு குளம், கார்டுக்கு ஒரு குளம், நடுவில் ஒரு வாய்க்கால். 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்களுக்குச் சுவர்களும் தரையும் சேறு பூசினாற்போல் தெரிந்தன. அடுத்தடுத்த பேட்ச்களில் சரியாயிற்று, உண்மைதான். முதல் வாரம் முழு விலை கொடுத்தவர்களுக்கு அது ஆறுதல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022-இல் 'எல்டன் ரிங்' வந்தபோது வலுவான விண்டோஸ் கணினிகளில் திக்கித் திக்கி ஓடியது. வால்வ் நிறுவனத்தின் கையடக்க ஸ்டீம் டெக்கில் திக்கல் குறைவாக இருந்தது. ஸ்டீம் டெக் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் ஷேடர்களை முன்பே தயாரித்து அனுப்பிவிடுகிறார்கள். ஆக, கணினியை மறுபடி ஒரே பெட்டியாக்கியதும் சிக்கலில் ஒரு பகுதி மறைந்தது.

மவுஸ், பார்வைக் கோணம் பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். சோபாவில் பத்தடி தள்ளி உட்காருகிறவருக்கு வைத்த குறுகிய கோணம், இரண்டடியில் உட்காருகிறவருக்குத் தலைசுற்றலைத் தரும். மாற்ற ஒரு ஸ்லைடர் போதும். போடாதவர்களுக்கு நியாயமான சாக்கு கிடையாது.

அதைவிடக் கவலைக்குரியது, பிரதியிலிருந்து பிரதி எடுப்பது. பாடினவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சுவடிகளைப் பற்றிச் சொல்வார்களே, அது இங்கே அப்படியே நடக்கிறது. 'ரெசிடென்ட் ஈவில் 4' 2005-இல் கேம்கியூபுக்காகப் பிறந்தது. அதே ஆண்டு வலுக்குறைந்த பிளேஸ்டேஷன் 2-க்கு மாற்றும்போது, இடைக்காட்சிகளை இயந்திரமே வரைய முடியாமல் வீடியோவாகப் பிடித்துப் போட்டார்கள். 2007-இல் வந்த கணினிப் பதிப்பு அந்தப் பிரதியிலிருந்து எடுத்தது. பிளேஸ்டேஷன் 2-ஐவிடப் பலமடங்கு வலுவான கணினியில் அதே மங்கல் வீடியோ ஓடியது. மவுஸ் வசதியும் இல்லை. துப்பாக்கி சுடும் ஆட்டத்தில்!

'ஹேலோ' கதை இன்னும் ஒரு படி மேலே. 2001-இல் எக்ஸ்பாக்ஸில் வந்ததை கியர்பாக்ஸ் நிறுவனம் 2003-இல் கணினிக்கு மாற்றியது. சில ஒளி விளைவுகள் அதில் உடைந்துபோயின. பத்தாண்டு நிறைவுப் பதிப்பை 2011-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்குச் செய்தபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது இந்தப் போர்ட்டைத்தான். உடைந்தவை உடைந்தபடியே சொந்த வீட்டுக்குத் திரும்பின. பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய 2021 ஆனது. போர்ட்டை மட்டமாக நினைக்கும் பதிப்பகங்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம். இன்றைய அவசரப் பிரதி நாளை மூலமாகிவிடும்.

நல்ல போர்ட் முடியாத காரியமா? நெதர்லாந்தின் நிக்சஸ் நிறுவனம் முடியும் என்று காட்டியிருக்கிறது. சோனி 2021-இல் அவர்களை விலைக்கு வாங்கியது. பிளேஸ்டேஷன் 5-இன் அதிவேக எஸ்எஸ்டி இல்லாமல் நடக்கவே நடக்காது என்பதுபோல் விளம்பரப்படுத்திய 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' 2023-இல் அவர்கள் கைவண்ணத்தில் கணினிக்கு வந்தது. வேகம் குறைந்த எஸ்எஸ்டியிலும் நன்றாக ஓடியது. பழைய ஹார்ட் டிஸ்கில் உலகம் விட்டு உலகம் தாவும்போது கொஞ்சம் நின்று யோசித்தது. டுரான்டேயும் பின்னாளில் பிஎச்3 என்ற நிறுவனத்தைத் தொடங்கி, போர்ட் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரமும் காசும் கொடுக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே உட்கார வைக்க வேண்டும். கணினிப் பதிப்பை வெளியாளிடம் தள்ளிவிட்டால் என்ன ஆகக்கூடும் என்பதை 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' காட்டியது. வந்த சில நாட்களில் வார்னர் பிரதர்ஸே கணினிப் பதிப்பின் விற்பனையை நிறுத்தியது. அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தபோதும் குறை தீரவில்லை. வேண்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

தொழில்நுட்பத்தில் குறையே இல்லாத போர்ட்டும் வேறு வழியில் கெடலாம். 2024-இல் 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' மிக நேர்த்தியாகக் கணினிக்கு வந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சேவை இல்லாத நாடுகளில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தனியாக விளையாட அந்தக் கணக்கு தேவையே இல்லை, அப்படியும் எடுத்தார்கள். இலங்கையும் அப்போது அந்தச் சேவை இல்லாத நாடுகளில் ஒன்று. கன்சோல் கடையின் எல்லைக்கோட்டையும் சேர்த்துப் போர்ட் செய்துவிட்டார்கள் போலும்.

கடைசியாக ரசிகர்கள். 'ரெசிடென்ட் ஈவில் 4'-இன் மங்கலைப் போக்க இரண்டு பேர் சுமார் எட்டாண்டு உழைத்து 2022-இல் முடித்தார்கள். ஆட்டத்தில் பயன்பட்ட மூலப் படங்களை எடுத்த கட்டடங்களைத் தேடிப் பயணம் போனதும் உண்டு. இதை மெச்சும்போதே உறுத்துகிறது. யாராவது ஒருவர் இலவசமாகச் சரிசெய்துவிடுவார் என்பது பதிப்பகங்களுக்கு மறைமுகமான பட்ஜெட் ஆகிவிட்டதோ?

'செயின்ட்ஸ் ரோ 2'-ஐ நினைத்தால் அந்த உறுத்தல் கூடுகிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமத்தைச் சேர்ந்த ஒரு பிரிவு 2009-இல் அதைக் கணினிக்கு மாற்றியது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை அப்படியே நம்பியதால், வேறு வேக பிராசஸர்களில் ஆட்டத்தின் காலமே தாறுமாறாக ஓடியது. மைக் வாட்சன் என்ற ரசிகர் அதை ஆண்டுக்கணக்கில் ஒட்டுப்போட்டார்; ஆட்டத்தை உருவாக்கிய வோலிஷன் அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. தொலைந்ததாக நினைத்த மூலக்குறியீடு கிடைத்துவிட்டது, போர்ட்டை முறையாகச் சரிசெய்யப் போகிறோம் என்று 2019-இல் அறிவித்தார்கள். வாட்சன் 2021-இல் புற்றுநோயால் இறந்தார். 2023 ஆகஸ்டில் வோலிஷனையும் மூடினார்கள். அதுவரை அந்தப் பேட்ச் வெளிவரவில்லை.