இரண்டு திரைக்காக ஒரு கார்டு வாங்கலாமா?

1999இல் மேட்ராக்ஸ் ஜி400 கிராபிக்ஸ் கார்டு வந்தபோது 'டூயல் மானிட்டர்' என்ற விளம்பரத்துக்கு அர்த்தம் இருந்தது. அதுவரை வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு திரை வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு கார்டுகளைச் செருக வேண்டும். 2012இல் இன்டெலின் ஐவி பிரிட்ஜ் பிராசசர்கள், தனிக் கார்டு இல்லாமலே மூன்று திரைகளை இயக்கத் தொடங்கின. ஆனாலும் இன்றுவரை, இரண்டாவது மானிட்டர் வாங்குபவரிடம் "கூடவே ஒரு கார்டும் போட்டுக்கங்க சார்" என்று ஜிடி 1030ஐ நீட்டுகிறார்கள்.

கோர் ஐ5-12400 பிராசசர் உள்ள கம்ப்யூட்டரில் இரண்டு ஃபுல் எச்டி மானிட்டர்களை இணைத்து இரண்டு விதமாகவும் வேலை செய்து பார்த்தேன். முதலில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக. பிறகு ஜிடி 1030 வழியாக. ஒரு பக்கம் எழுத்து, மறு பக்கம் பிடிஎஃப், நடுவே வீடியோ. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

தெரியவும் தெரியாது. ஒரு ஃபுல் எச்டி திரையின் படம் நினைவகத்தில் சுமார் 8 எம்பி இடம் பிடிக்கும். நொடிக்கு 60 முறை அதை வாசித்தால் அரை ஜிபி. இரண்டு திரைக்கு ஒரு ஜிபி. டிடிஆர்4-3200 ரேம் ஒன்றே ஒன்று இருந்தாலும் நொடிக்கு 25.6 ஜிபி தரும். ஜிடி 1030இன் டிடிஆர்4 வகை தருவதோ 16.8 ஜிபிதான். காசு கொடுத்துக் குறைந்த வேகத்தை வாங்குவானேன்? போதாக்குறைக்கு, இந்தக் கார்டுகள் பலவற்றில் இரண்டாவது வாய் டிவிஐ. புதிய மானிட்டர்களில் அதைக் காண்பதே அரிது. அடாப்டர் தேடி அலைய வேண்டும்.

கார்டு செருகியதும் மதர்போர்டின் வாய்கள் செயலிழந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பல போர்டுகளில் பயாஸுக்குள் போய் உள்கிராபிக்ஸை மீண்டும் இயக்கினால் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

தனிக் கார்டு கட்டாயம் தேவைப்படுபவர்களும் உண்டு. 12400எஃப் போல 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் உள்கிராபிக்ஸ் கிடையாது. கேம் ஆடுபவர்கள், முப்பரிமாண வேலை செய்பவர்கள் எப்படியும் நல்ல கார்டு வாங்குவார்கள்; இரண்டு திரை அதோடு தானாக வந்துவிடும். 4கே திரை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது எச்டிஎம்ஐயின் பதிப்பை. 1.4 என்றால் 4கேயில் நொடிக்கு 30 படம்தான். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகரும். 2.0 என்றால் 60.

இரண்டாவது திரையை நான் குறை சொல்லவே மாட்டேன். மொழிபெயர்ப்பு, கணக்கு, நிரல் என்று எதையாவது ஒப்பிட்டுப் பார்த்து வேலை செய்யும் எவருக்கும் அது பெரிய வரம். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தைச் சேர்த்து நல்ல ஐபிஎஸ் மானிட்டராக வாங்குங்கள்.

எத்தனை திரை என்பதை உண்மையில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய இடம் லேப்டாப் பெட்டி. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாக ஏற்கும். எம்3இல் மூடியைச் சாத்தினால் இரண்டு. மூடி திறந்திருக்கும்போதே இரண்டு வெளித்திரை என்பது எம்4இல்தான் வந்தது. கடையில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. வாங்கும் முன் நாம்தான் கேட்க வேண்டும்.