வால்வும் பெருநாடியும்: சத்திரசிகிச்சை மரபின் பள்ளிகளும் அளவுகோல்களும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், உடுவிலுக்குச் சில மைல் வடமேற்கே உள்ள பண்டத்தரிப்பில் 1820 ஆம் ஆண்டு அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் நோயாளரைப் பார்வையிடத் தொடங்கினார். அதே ஆண்டில் மைரன் வின்சிலோ உடுவில் மிசன் நிலையத்தைப் பொறுப்பேற்க, 1824 இல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. 1848 இல் மானிப்பாய்க்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றியல், இரணவைத்தியம் முதலிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார்; 1898 இல் இனுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. பண்டத்தரிப்பில் பணியாற்றிய ஸ்கடர் 1836 இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தார். அவருடைய பேர்த்தி ஐடா ஸ்கடர் 1900 இல் வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணியே பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. இந்தியாவில் இதய வால்வுச் சத்திரசிகிச்சையை ஒரு பள்ளியாக நிலைநிறுத்திய இடங்களில் வேலூர் முதல் வரிசையில் வைக்கப்படுவது. ஆகவே இத்துறையின் வரலாற்றை வலிகாமத்திலிருந்து பார்க்கும்போது அது எங்கோ தொலைவில் நிகழ்ந்த ஒன்றாகத் தோன்றுவதில்லை.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் நடுவில் இருப்பது இருகூர் வால்வு. கிளினிக்குகளில் இது மைட்ரல் என்றே வழங்கும். இடது இதயவறையிலிருந்து உடலெங்கும் குருதியைக் கொண்டுசெல்லும் பெருநாடியின் வாயிலில் இருப்பது பெருநாடி வால்வு. ஒரு வால்வு சரியாகத் திறவாமல் ஒடுங்கிப்போகலாம், அல்லது சரியாக மூடாமல் குருதியைப் பின்னோக்கிக் கசிய விடலாம். பல நோயாளரில் இவ்விரண்டும் சேர்ந்தே காணப்படும். மேற்கு நாடுகளில் இன்று வால்வு நோயாளரில் பெரும்பாலானோர் முதியவர். வயதினால் சுண்ணாம்பு படிந்து பெருநாடி வால்வு இறுகுவதே அங்கு முதன்மையான நோய். தென்னாசியாவின் நிலை வேறு. சிறுவயதில் ஸ்ரெப்டோகொக்கசு என்னும் பற்றீரியாவால் வரும் தொண்டை நோவைத் தொடர்ந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த இதயத்தையே தாக்குகின்ற வாதக் காய்ச்சல், பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வைத் தடிக்கவைத்து அதன் ஓரங்களை ஒட்டவைக்கிறது. இருபது வயதை எட்டுமுன்பே கடுமையான ஒடுக்கத்தோடு வரும் நோயாளரைப் பற்றி 1963 இல் சுஜோய் ரோய் முதலிய இந்திய மருத்துவர்கள் எழுதியபோது, குளிர்நாட்டுப் பாடநூல்கள் கூறிய கால அளவு இங்கே பொருந்தாது என்பது உறுதியாயிற்று. எந்தப் பள்ளியின் முறை சிறந்தது என்ற வினாவுக்கு இப்பகுதியில் விடை தேடுபவர், முதலில் இந்த இளவயது நோயாளரை மனதில் நிறுத்த வேண்டும்.

இம்மரபின் முதற்பள்ளி, ஒட்டிய வால்வைப் பிரித்துத் திறக்கும் பள்ளி. 1923 இல் பொஸ்ரனில் எலியட் கட்லர் கத்தியாலும், 1925 இல் இலண்டனில் ஹென்றி சூட்டர் தன் விரலாலும் மைட்ரல் வால்வைத் திறக்க முயன்றனர். சூட்டரின் நோயாளி உயிர்பிழைத்தபோதும், அவரிடம் வேறு எந்த நோயாளியும் இம்முறைக்காக அனுப்பப்படவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அம்முயற்சி உறங்கிக் கிடந்தது. 1948 இல் சார்ல்ஸ் பெய்லி, டுவைட் ஹார்க்கன், ரசல் புரொக் ஆகியோர் தனித்தனியே அதை மீட்டெடுத்தனர். அதே ஆண்டில் வேலூருக்கு வந்த அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ரீவ் பெற்ஸ் அடுத்த ஆண்டில் நெஞ்சுச் சத்திரசிகிச்சைப் பிரிவை நிறுவினார். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைத் திறந்து, சோணையறையின் வழியே விரலையோ விரிகருவியையோ செலுத்தி ஒட்டிய ஓரங்களைப் பிரிக்கும் இந்த மூடிய முறைக்கு இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஸ்ரான்லி ஜோனும் அவருடைய குழுவினரும் வேலூரில் இவ்வாறு சத்திரசிகிச்சை பெற்ற 3,724 நோயாளரின் நீண்டகாலப் பயனை 1983 இல் வெளியிட்டனர். ஏழை நாட்டின் ஒரு வைத்தியசாலை அத்தனை பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதியது இந்த மரபின் பெருமைகளுள் ஒன்று. பள்ளி என்று அழைக்கப்படும் தகுதி கைத்திறனால் மட்டும் வருவதன்று, இத்தகைய பதிவேட்டினாலும் வருவது. இலங்கையில் நெஞ்சு, இதயச் சத்திரசிகிச்சைக்கு அடித்தளமிட்டவர்களுள் கொழும்புப் பொது வைத்தியசாலையின் ஏ. ரி. எஸ். போல் குறிப்பிடத்தக்கவர்.

மூடிய முறையின் சிக்கல்களும் அதன் எளிமையோடு சேர்ந்தே வந்தன. சோணையறையில் உறைந்திருக்கும் குருதிக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேரும். வால்வு இதழ் கிழிந்தால் ஒடுக்கம் நீங்கிக் கடுமையான கசிவு உண்டாகும். இவை இரண்டும் தப்பினாலும், ஆண்டுகள் செல்ல வால்வு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். 1984 இல் யப்பானியரான கஞ்சி இனூவே, நெஞ்சைத் திறவாமல் தொடை நாளத்தின் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையை வெளியிட்ட பின், மூடிய முறைச் சத்திரசிகிச்சை மெல்ல விலகிக்கொண்டது. ஆயினும் பலூனின் தத்துவம் சூட்டரின் விரலின் தத்துவமே.

1953 இல் ஜோன் கிபன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றியாகப் பயன்படுத்திய பின்பே, நின்ற இதயத்தைத் திறந்து கண்ணால் பார்த்துச் செய்யும் சத்திரசிகிச்சை பிறந்தது. 1960 இல் அல்பேட் ஸ்டார், பொறியியலாளர் லோவல் எட்வேட்ஸ் இருவரும் கூண்டுக்குள் பந்து அசையும் செயற்கை வால்வைப் பொருத்தி, மாற்றும் பள்ளியைத் தொடக்கிவைத்தனர். 1960களின் தொடக்கத்தில் வேலூரிலும் திறந்த இதயச் சத்திரசிகிச்சை தொடங்கிற்று. பந்து வால்வுக்குப் பின் சாயும் வட்டு வால்வும், 1977 இல் இரு இதழ்களைக் கொண்ட கரிம வால்வும் வந்தன. இப்பள்ளியின் வரலாற்றில் மறக்கக்கூடாத ஓர் எச்சரிக்கையும் உண்டு. பியோர்க்-ஷைலி வால்வின் குவிவு-குழிவு வடிவம் ஏறத்தாழ 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பின், அதன் பற்றவைக்கப்பட்ட தாங்கி சிலரில் முறிந்து வட்டு கழன்று உயிர்கள் போயின. 1986 இல் அது சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்திய வால்வை உருவாக்கிய குழு, முதல் மூன்று வடிவங்களையும், அவற்றுள் நீலக்கல் வட்டைக் கொண்டதையும், சோதனைக் கட்டத்திலேயே கைவிட்டது. கோபால்ற்-குரோமியக் கலப்புலோகச் சட்டகமும் பொலிஎதிலீன் வட்டும் கொண்ட நான்காம் வடிவமே 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அது பின்னர் இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டு, வசதி குறைந்தோர்க்கும் மாற்றுவால்வு எட்டும்படி செய்தது. தோற்ற வடிவங்களை நோயாளியின் உடலில் சோதிக்காமல் முன்பே நிறுத்திய அந்தப் பொறுமை இத்துறை பெற்ற மிக உயர்ந்த தரங்களுள் ஒன்று.

உலோக வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதன்மீது குருதி உறையாமலிருக்க நோயாளி வாபரின் என்னும் மருந்தை ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யப்படும் இழைய வால்வுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டாயமில்லை. ஆனால் முதியவரில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிலைக்கும் அது, இளையோரில் விரைவாகச் சுண்ணாம்பேறிப் பழுதடைந்து இரண்டாவது சத்திரசிகிச்சையைக் கோரும். இந்த இருதலைக் கொள்ளி நிலைக்கு விடையாகவே பழுதுபார்க்கும் பள்ளி எழுந்தது. பாரிசில் அலன் காபன்றியே, வால்வை வெட்டி எறியாமல் அதன் இதழ்களையும் நாண்களையும் சீரமைத்து வளையமிட்டு இறுக்கும் இலக்கணத்தை வகுத்தார். 1983 இல் வெளியான அவருடைய கட்டுரை இத்துறையினரின் பாடமாயிற்று. வயதால் தளர்ந்த வால்வில் இம்முறை மிகச் சிறந்த பயன் தருவது. வாதக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய வால்விலோ அது கடினமானது. தில்லியில் சம்பத் குமார் முதலியோர் இத்தகைய வால்வுகளைப் பழுதுபார்ப்பதில் நீண்ட அனுபவம் சேர்த்தனர். 1967 இல் டொனால்ட் றொஸ் செய்துகாட்டியது மூன்றாம் வழி. நோயாளியின் சொந்த நுரையீரல் நாடி வால்வை எடுத்துப் பெருநாடி வால்வின் இடத்தில் வைப்பது அம்முறை. அது அழகானது என்பதில் ஐயமில்லை. எனினும் வாதக் காய்ச்சலுடைய இளையோரில் இடம்மாறிய வால்வையும் அதே நோய் தாக்குவதைத் தில்லி அனுபவமே காட்டியது.

பெருநாடியின் கதை வேறொரு கிளை. இதயத்திலிருந்து எழுந்து வளைந்து முதுகெலும்பை ஒட்டி இறங்கும் இந்நாடி, உயர் குருதியமுக்கத்தாலோ, மார்பன் நோய் போன்ற பிறவிக் குறையாலோ, மூன்றுக்குப் பதில் இரு இதழ்களே கொண்ட பெருநாடி வால்வோடு சேர்ந்தோ வீங்கும். சிலரில் அதன் உட்சுவர் கிழிந்து குருதி சுவரின் அடுக்குகளுக்குள் புகும். 1950களில் மைக்கேல் டிபேக்கி கடையில் வாங்கிய பொலியெஸ்ரர் துணியை மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்துப் பயன்படுத்தினார். இன்றைய செயற்கைக் குழாய்கள் அதன் வழிவந்தவை. 1968 இல் பென்ரோல், டி போனோ இருவரும் வால்வு பொருத்திய குழாயால் பெருநாடியின் அடிப்பகுதி முழுவதையும் மாற்றி, இதயத் தசைக்குக் குருதியூட்டும் முடியுரு நாடிகளை அதில் இணைத்தனர். 1992 இல் ரிறோன் டேவிட், நோயாளியின் சொந்த வால்வைக் காப்பாற்றிக் குழாயை மட்டும் மாற்றும் முறையை வெளியிட்டார். மாற்றுவதா, காப்பதா என்ற பழைய வழக்கே இங்கும் தொடர்கிறது. வேலூரின் அந்த 1983 ஆய்வில் பங்குகொண்ட வி. வி. பாஷி பின்னாளில் சென்னையில் பெருநாடிச் சத்திரசிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தது, ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளி கிளைத்ததற்கு நல்ல சான்று.

பெருநாடி வளைவில் கைவைப்பதற்கு உடலைக் கடுமையாகக் குளிரூட்டிச் சுற்றோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தவோ, மூளைக்கு மட்டும் தனியே குருதி அனுப்பவோ வேண்டும். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, குரல்வளை நரம்பு பாதிப்பால் வரும் குரல் கம்மல் என்பன அங்கு அஞ்சப்படும் சிக்கல்கள். கீழிறங்கும் பெருநாடியில் முண்ணாணுக்குச் செல்லும் சிறுநாடிகள் தடைப்பட்டால் இரு கால்களும் செயலிழக்கும். அதனால்தான் வீக்கம் பொதுவாக 5.5 சென்ரிமீற்றரை எட்டும்வரை காத்திருப்பதும், மார்பன் நோயாளருக்கு அதற்கும் முன்பே சத்திரசிகிச்சை செய்வதும் வழக்கமாயின. மேற்பகுதிக் கிழிவு மட்டும் காத்திருக்க இடம் தராது. முதல் மணித்தியாலங்களில், சிகிச்சையின்றி விடப்பட்டவருள் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் இருவராக இறப்பர் என்பது நீண்டகாலம் மதிக்கப்பட்ட பழைய கணக்கு. ஏ9 வீதி மூடிக்கிடந்த போர்க்காலத்தில் அத்தகைய நோயாளி வலிகாமத்திலிருந்து கொழும்பை அடைவது ஏறக்குறைய இயலாத காரியம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அண்மை ஆண்டுகளில் திறந்த இதயச் சத்திரசிகிச்சை தொடங்கியதன் முழுப்பொருளை அந்த மணிக்கணக்கை நினைப்பவர் உணர்வர்.

சத்திரசிகிச்சையின் வெற்றியை முப்பது நாட்களுக்குள் நிகழும் இறப்பைக் கொண்டு அளப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அது தேவையான அளவுகோல். ஆயினும் உடுவில் போன்ற ஊரில் வாழும் ஒரு வால்வு நோயாளிக்கு அது போதாது. உலோக வால்வு வைத்தவரின் குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண், பெருநாடி வால்வாயின் பொதுவாக 2 முதல் 3 வரையும், மைட்ரலாயின் 2.5 முதல் 3.5 வரையும் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் குருதி உறைந்து இதழ்கள் அசையாமற் போகலாம், கூடினால் மூளையிலோ குடலிலோ குருதி கசியலாம். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகளிலுள்ள உயிர்ச்சத்து கே வாபரினுக்கு எதிராக வேலை செய்வது. அவற்றை விலக்க வேண்டியதில்லை. ஒருநாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் உண்ணாமல், வாராவாரம் ஒரே அளவில் உண்பதே முறை. மூட்டுவலிக்குத் தானாக வாங்கும் மாத்திரைகளும் மருத்துவரறியாமல் சேர்க்கும் மூலிகை மருந்துகளும் அந்த எண்ணைக் குலைக்கும். வாபரின் கருவின் ஆறாம் வாரத்துக்கும் பன்னிரண்டாம் வாரத்துக்கும் இடையில் சிசுவின் உறுப்பமைப்பைச் சிதைக்கலாம், அதை நிறுத்தினால் தாயின் வால்வு உறையலாம். எனவே மணமாகாத ஓர் இளம்பெண்ணுக்கு எந்த வால்வு என்ற முடிவை எடுக்குமுன், பிள்ளைப்பேற்றைப் பற்றி அவளோடும் வீட்டாரோடும் பேசாத மருத்துவர், எத்தனை தேர்ந்த கையுடையவராயினும், தம் கடமையில் பாதியை விட்டவர். பல்லைப் பிடுங்குமுன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கத் தவறினால், வாயிலிருந்து குருதிக்குள் புகும் நுண்ணுயிர் செயற்கை வால்வில் குடியேறலாம். அந்தத் தொற்று இச்சிக்கல்களுள் மிகக் கொடியது.

இந்தக் கணக்கின்படி, கிளினிக் அருகிலிருந்து குருதிப் பரிசோதனை ஒழுங்காக நடக்கும் ஊருக்கு உலோக வால்வு ஏற்றது. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் பழுதுபார்த்தலும் பலூனும் இயன்றவரை முன்னிறுத்தப்பட வேண்டியவை. 2002 இல் அலன் கிறிபியே குழாய்வழியே பெருநாடி வால்வைப் பொருத்திக் காட்டிய புதிய முறை முதியோர்க்குப் பெரும் வரப்பிரசாதம். வாதக் காய்ச்சலால் பழுதுற்ற மைட்ரலோடு வரும் இருபது வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் விடையாகவில்லை. அப்பிள்ளைக்கு எந்தப் பள்ளியின் எந்த முறை செய்யப்பட்டாலும், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடப்படும் பென்சதீன் பெனிசிலின் ஊசி நிறுத்தப்படக்கூடாது. வால்வு மாற்றியாயிற்றே என்று அதை விட்டுவிட்டால், அடுத்த தொண்டை நோ எஞ்சிய வால்வுகளையும் அதே வழியில் தாக்கக்கூடும்.