ஐந்தாவது மருந்து

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் சஞ்சீவிராயர் கோயில் இருப்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். அனுமன் மருந்து மலையைப் பெயர்த்து வந்த கதை அவ்வட்டாரத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அக்கதையைக் காட்டி, “இன்றைய அறுவை மருத்துவம் முழுதும் அன்றே நம்மிடம் இருந்தது” என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. “எல்லாம் கற்பனை” என்று ஒதுக்குவோரும் உண்டு. இவற்றுள் எது சரி? தோலில் பட்ட காயத்தை மூடும் முறையை அளவுகோலாக வைத்து ஆராய்வோம்.

கம்பர் மருத்துமலைப் படலத்தில் நான்கு மருந்துகளைக் கூறுகிறார். மாண்டவரை எழுப்புவது ஒன்று. பிளந்த உடலைப் பொருத்துவது ஒன்று. தைத்த படைக்கலத்தை வெளியேற்றுவது ஒன்று. பழைய உருவைத் திரும்பத் தருவது ஒன்று. முதலாவதைக் கவிஞருக்கே விட்டுவிடுவோம். மற்ற மூன்றும் இன்றைய மருத்துவரின் கவலைகளே. காயத்தில் கிடக்கும் கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் எடுக்க வேண்டும்; விளிம்புகளைச் சேர்க்க வேண்டும்; தழும்பைக் குறைக்க வேண்டும். கவிஞர் காயத்தை நன்கு கவனித்தவர் என்பதில் ஐயமில்லை.

ஆனால், கவனிப்பு வேறு. அறிவியல் விளக்கம் வேறு. பிளந்த தோலைப் பொருத்தும் மருந்து எதுவும் இல்லை, உடல்தான் பொருத்திக்கொள்கிறது. இரத்தம் உறைந்து, கொலாஜன் என்னும் புரத இழைகள் உருவாகி, காயம் சேர்கிறது. அதுவரை விளிம்புகளைப் பிடித்து வைத்திருப்பதே நூலின் வேலை. முகத்தில் போட்ட தையலை ஏறத்தாழ 5 நாளில் எடுத்துவிடலாம். கை கால்களில் 10 முதல் 14 நாள் வரை ஆகும். பழைய உருவும் முழுமையாகத் திரும்புவதில்லை. பல மாதங்கள் கழிந்த பின்னும் தழும்பின் வலிமை பழைய தோலின் வலிமையில் சுமார் 80 விழுக்காட்டைத் தாண்டாது.

அந்த நான்கில் இல்லாத ஒன்றும் உண்டு. அது காயத்தைக் கழுவுதல். அதை ஐந்தாவது மருந்து என்போம்.

கவிதையில் இல்லாத இதைச் சுசுருத சம்கிதையில் காண்கிறோம். தூசி, மயிர், எலும்புத் துண்டு ஆகியவற்றை நீக்காமல் தைத்தால் காயம் சீழ் பிடிக்கும் என்று அந்நூல் எச்சரிக்கிறது. சணல், நார், தசைநாண், மயிர் முதலியவற்றை நூலாகச் சொல்கிறது. தையலை விளிம்புக்கு மிக அருகில் போட்டால் தோல் கிழியும், மிகத் தள்ளிப் போட்டால் வலிக்கும் என்கிறது. இவை கையால் செய்து கண்டவர்களின் சொற்கள். எனவே எல்லாம் கற்பனை என்போர் கட்சி தோற்கிறது.

காஞ்சி மாவட்டத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிக்கிறது. அங்கே மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை, செய்பவருக்கு 30 கலம் நெல். அறுவை ஒரு தனித் தொழிலாக இருந்தது. ஆனால் மதிப்பில் மருத்துவத்துக்குக் கீழே இருந்தது என்று ஊகிக்கலாம்.

இருந்தும், எல்லாம் அன்றே இருந்தது என்போர் கட்சியும் நிற்காது. சீழ் ஏன் பிடிக்கிறது? கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால் என்பதை பாஸ்ச்சரின் ஆய்வுகளிலிருந்து உணர்ந்து, லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் காயத்தில் பயன்படுத்திய முடிவுகளை 1867இல்தான் வெளியிட்டார். காரணம் தெரிந்த பிறகே நூலையும் சோதிக்க முடிந்தது. காஞ்சிக்குப் பெருமை தரும் பட்டு, அறுவையிலும் நல்ல நூலே. ஆனால் பல இழைகளைப் பின்னிய பட்டு நூலின் இடுக்குகளில் கிருமிகள் தங்கக்கூடும். ஒற்றை இழை நைலானில் அந்த இடம் குறைவு. ஆகவே தோலைத் தைக்க நைலானைப் பெரிதும் விரும்புகிறார்கள்.

இந்த ஆராய்ச்சியால் நமக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். காயம் பட்டவரைப் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது, “எத்தனை தையல்?” என்பதுதான். செய்தித்தாளும் அதையே எழுதுகிறது. “நன்றாகக் கழுவினார்களா?” என்று யாரும் கேட்பதில்லை. காப்பித் தூளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவோர் இன்றும் உண்டு. அதை அகற்றுவதே அங்கே முதல் வேலையாகிவிடுகிறது. நாய்க்கடியில் இந்த அறியாமை உயிரையே பறிக்கும். கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும். அத்தகைய காயத்தை மருத்துவர்கள் கூடியவரை உடனே தைப்பதில்லை. “தையல் போடவில்லையே” என்று அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சஞ்சீவி மலையை இலக்கியமாகச் சுவையுங்கள். சுசுருதரை உழைப்பாளியாக மதியுங்கள். ஆனால், ஐந்தாவது மருந்துக்கு மலை ஏற வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டுக் குழாயடியிலேயே இருக்கிறது.