ஸ்பென்சருக்கு யார் முதலாளி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பென்சர் பிளாஸாவுக்குப் போனேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஸ்பென்சருக்கு நான் எதையும் வாங்கப் போனதே கிடையாது என்பது வேறு விஷயம்.

பி.காம். படித்த காலத்தில் கம்பெனி லா வகுப்பைக் கட் அடித்துவிட்டு நாங்கள் நாலு பேர் பஸ் பிடித்து வந்து இறங்குவது இங்கேதான். வெளியே மே மாதத்து மவுண்ட் ரோடு. கதவைத் தள்ளினால் ஊட்டி. மியூஸிக் வேர்ல்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓசியில் பாட்டுக் கேட்பது, லேண்ட்மார்க்கில் நின்றபடியே அரைப் புத்தகம் படித்துவிட்டு மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு வைப்பது, எஸ்கலேட்டரின் முதல் படியில் கால் வைக்கப் பயந்து புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் மாமிகளுக்குக் கை கொடுப்பது (எங்கள் சமூக சேவை அது ஒன்றுதான்). கடைசியில் ஆளுக்கு ஒரு ஸாஃப்டி ஐஸ்க்ரீம். காசு பத்தவில்லையென்றால் இரண்டு பேருக்கு ஒன்று.

இப்போது மியூஸிக் வேர்ல்ட் இல்லை. 2013-ல் நாடு முழுக்கவே கடையைக் கட்டிவிட்டார்கள். லேண்ட்மார்க் இல்லை. அதன் தாய்வீடான நுங்கம்பாக்கம் கடையும் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஸ்பென்சரின் மாடியில் வரிசையாக ஷட்டர்கள். நடுநடுவே காஷ்மீர் சால்வை, மரச்சிற்பம், செல்போன் ரிப்பேர், லெதர் பை. ஒரு லெதர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலில் இருந்து எழுந்தேவிட்டார். அவர் எழுந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது.

"வியாபாரம் எப்படிண்ணே?"

"நீங்கதான் சார் இன்னைக்கு மூணாவது ஆளு. முதல் ரெண்டு பேரும் பாத்ரூம் எங்கேன்னு கேட்டாங்க."

இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதும்போது ஒரு வசனம் தயாராக இருக்கிறது. 'ஆன்லைன் வந்தது, கடை போச்சு.' பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு ரொம்பப் பிடித்த வசனம். சுலபம், சுருக்கம், யார் மனசும் புண்படாது. ஆனால் பாதிப் பொய்.

ஸ்பென்சரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது எக்ஸ்பிரஸ் அவென்யூ. 2010-ல் திறந்தார்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் காரை நிறுத்த இடம் கிடைத்தால் நீங்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர். அங்கே வருகிறவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான், அவர்கள் பாக்கெட்டிலும் இதே செல்போன்தான். ஆன்லைன் எமன் ஒரு கட்டடத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தைத் தொடாமல் போவானா என்ன?

தொடர் கடைகள் சாவதற்கும் வேறு காரணங்கள் உண்டு. சென்னையில் 1997-ல் தொடங்கிய சுபிக்ஷா நினைவிருக்கிறதா? சுமார் 1,600 கடை வரைக்கும் போனார்கள். 2009 ஆரம்பத்தில் கையில் ரொக்கம் தீர்ந்து, சரக்குக்கும் சம்பளத்துக்கும் பணமில்லாமல் மொத்தமாக நின்றுபோனது. அதே ஜனவரியில் இங்கிலாந்தில் வூல்வொர்த்ஸ் தன் 800 கடைகளையும் மூடியது. அங்கே முக்கியக் காரணம், தலைக்கு மேல் கடன். முதல் வருஷ பி.காம். பையனுக்கே புரிகிற வியாதிகள் இவை.

ஸ்பென்சரின் வியாதி வேறு. நான் நாலைந்து பேரிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன். இந்தக் கட்டடத்துக்கு முதலாளி யார்? சிரித்தார்கள். லெதர் கடைக்காரர் விளக்கமாகவே சொன்னார்:

"எந்த முதலாளியக் கேக்கறீங்க? இந்த வரிசையில பன்னெண்டு கடை. பாதிக் கடை யாருதுன்னே எனக்குத் தெரியாது சார். ஒருத்தர் அமெரிக்கால இருக்காராம். ஒருத்தர் காலமாயிட்டாரு, பசங்களுக்குள்ள கேஸு."

பழைய ஸ்பென்சர் அப்படி இல்லை. 1863-ல் சார்லஸ் டூரண்ட் ஆரம்பித்து, பிறகு ஜே.டபிள்யூ. ஸ்பென்சரின் பெயரில் வளர்ந்து, யூஜின் ஓக்ஷாட் காலத்தில் 1890களில் மவுண்ட் ரோட்டில் அந்தச் செங்கல் மாளிகையைக் கட்டினார்கள். பக்கத்து கன்னிமரா ஹோட்டலும் அவர்களுடையதுதான். ஒரு கம்பெனி, ஒரு கல்லா. 1980களில் அந்த மாளிகை தீப்பிடித்து எரிந்தது. அதே இடத்தில்தான் 90களின் ஆரம்பத்திலிருந்து பகுதி பகுதியாக இந்த பிளாஸா எழுந்தது. அங்கேதான் கதை மாறுகிறது. கடைகளை வாடகைக்கு விடாமல் நிறையப் பேருக்குத் தனித்தனியாக விற்றார்கள்.

அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்திருக்கும். கட்டுகிறவருக்குப் போட்ட பணம் உடனே கைக்கு வந்துவிடும். வாங்குகிறவருக்கோ, மவுண்ட் ரோட்டில் சொந்தக் கடை! என் நண்பனின் அப்பா ரிடையர் ஆன பணத்தில் ஊரில் வேறொரு காம்ப்ளெக்ஸில் இப்படி ஒரு கடை வாங்கினார். ஒரு பீரோ, இரண்டு நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் அளவு. அதன் பத்திரத்தை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வாடகை வந்தது கொஞ்ச வருஷம். அப்புறம் வரவில்லை. மெயின்டனன்ஸ் பில் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

கணக்குப் பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்து. மாலில் அந்தச் சொத்தைக் கொண்டுவருகிறவர்கள் பெரிய கடைக்காரர்கள். புத்தகக் கடைக்கோ துணிக்கடைக்கோ ஜனம் வரும், வந்த ஜனம் திரும்பும் வழியில் சின்னக் கடையில் ஒரு வளையல் வாங்கும். அதனால் ஒரே முதலாளி உள்ள மாலில் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகையைக் குறைத்துக் கொடுத்து, அதைச் சின்னக் கடைகளின் வாடகையில் ஈடு கட்டுவார்கள். இடது பாக்கெட்டில் போனது வலது பாக்கெட்டில் வந்துவிடும். பெரிய கடை ஒன்று காலி செய்தால், அடுத்த ஆளைத் தேடி முதலாளி தூக்கமில்லாமல் அலைவார்.

நூற்றுக்கணக்கான பேருக்குச் சொந்தமான கட்டடத்தில் யார் அலைவது? என் சதுர அடி வாடகையை உன் கடைக்குக் கூட்டம் வருவதற்காக நான் ஏன் குறைக்க வேண்டும்? கடை பூட்டிக் கிடக்கும்போது நான் எதற்கு ஏ.சி. செலவில் பங்கு கொடுக்க வேண்டும்? கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. எல்லோர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒவ்வொரு விளக்காக அணைகிறது.

அப்படியானால் ஒரே முதலாளிதான் மருந்தா? அவசரப்படாதீர்கள். சான்பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் ஒரு பிரமாண்டமான மால். நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய கடை கிளம்பப் போவதாகச் சொன்னது. 2023-ல் மாலை நடத்திய வெஸ்ட்ஃபீல்ட் கம்பெனி, கடனைக் கட்டப் போவதில்லை, கட்டடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடன்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஒரே முதலாளி என்றால் ஒரே நாளில் சாவியையும் கொடுத்துவிட்டுப் போகலாம். இன்னொன்று, நம் லெதர் கடைக்காரருக்கு எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி இடத்தில் கட்டுப்படியாகிற வாடகையில் ஒரு மூலை கிடைக்குமா? அவர் இன்னும் மவுண்ட் ரோட்டில் உட்கார்ந்திருப்பதே, அந்தக் கடை அவர் பெயரில் இருப்பதால்தான். வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்ட முடியாது.

கட்டடத்தை விடுங்கள், வாசலுக்கு வருவோம். மவுண்ட் ரோடு என்பது (அண்ணா சாலை என்று எழுதுகிறோம், ஆட்டோக்காரரிடம் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறோம்) கடைகளால் மட்டும் ஓடிய தெரு இல்லை. சினிமாவால் ஓடிய தெரு. ஸஃபையர் 1994-ல் மூடியது. ஆனந்த் போனது, அலங்கார் போனது, 2016-ல் சாந்தியும் போனது. தேவி தாக்குப்பிடிக்கிறது. ஒரு தியேட்டர் என்பது ஒரு நாளைக்கு நாலு தடவை நூற்றுக்கணக்கான பேரைத் தெருவில் கொட்டுகிற இயந்திரம். கொட்டப்பட்டவர்கள் உடனே வீட்டுக்குப் போக மாட்டார்கள். புஹாரியில் டீ குடிப்பார்கள், ஷோகேஸைப் பார்ப்பார்கள், ஹிக்கின்பாதம்ஸில் நுழைவார்கள். தியேட்டர்கள் போனபோது நடிகர்களுக்காக அழுதோம். அந்தக் கூட்டத்தை நம்பியிருந்த பெட்டிக்கடைக்காகவும் பேல்பூரி வண்டிக்காகவும் யாரும் தலையங்கம் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அப்புறம் மெட்ரோ. சுரங்கம் தோண்டிய அத்தனை வருஷமும் தகரத் தடுப்பு, ஒருவழி, சுற்றுவழி. 2017-ல் சாலையே உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கியது ஞாபகம் இருக்கும். 2019 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்தபோது, மவுண்ட் ரோட்டில் நடக்கும் பழக்கமே பலருக்கு விட்டுப்போயிருந்தது. மெட்ரோவைக் குறை சொல்லவில்லை. அது இல்லையென்றால் அன்றைக்கு நானே போயிருக்க மாட்டேன். ஆனால் கோடிகளைக் கொட்டி ஜனங்களைப் பூமிக்கடியில் கொண்டுவந்து மேலே ஏற்றிவிட்டால், ஏறியவர் நடக்கத் தெரு வேண்டாமா? அதே 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி பெஞ்சு போட்டார்கள். இப்போது அங்கே ஒன்றும் வாங்காமலே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டில் எங்கே உட்காருவீர்கள்? பஸ் ஸ்டாப்பில் இடம் கிடைத்தால் உண்டு.

கடை மூடுவதே ஊரின் முடிவு என்று ஒப்பாரி வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இதே தெருவில் வொயிட்அவே லெய்ட்லா என்று ஒரு வெள்ளைக்காரத் தொடர்கடை இருந்தது. கல்கத்தா, கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர், ஷாங்காய் என்று எங்கும் கிளை. கடன் கிடையாது, கையில் காசு வாயில் தோசை. துரைகளோடு அதுவும் போனது. அந்தக் கட்டடத்துக்கு 'சுதேசமித்திரன்' பத்திரிகை வந்தது, விக்டரி ஹவுஸ் ஆனது. பிறகு வி.ஜி.பி. வந்து, ரொக்கம் மட்டுமே வாங்கிய கடை இருந்த அதே இடத்தில் தவணை முறையில் சாமான் விற்றார்கள். ஒருவர் போனால் இன்னொருவர் வருவதற்கு அந்தக் கட்டடத்தில் வழி இருந்தது. வாங்கவும் விற்கவும் ஒரு கையெழுத்து போதும். ஸ்பென்சரில் எத்தனை கையெழுத்து வேண்டும்?

இதில் அரசாங்கம் செய்ய முடிகிற காரியம் இருக்கிறது. கேஸிலும் வாரிசிலும் சிக்கிய கடைகளை, பெரும்பான்மை உரிமையாளர்கள் சம்மதித்தால் மொத்தமாக ஒருவர் கையில் குத்தகைக்கு விட்டு, வரும் வாடகையைப் பங்கு பிரிக்கச் சட்டத்தில் சுலபமான வழி செய்யலாம். பத்திரம் அவரவரிடமே இருக்கட்டும். நண்பனின் அப்பாவுக்கும் ஏதாவது வரும்.

இதையெல்லாம் லெதர் கடைக்காரரிடம் ஆர்வமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்ல ஐடியா சார். பெல்ட் ஏதாவது பார்க்கறீங்களா?"

முப்பது வருஷத்தில் ஸ்பென்சரில் நான் வாங்கிய முதல் பொருள், ஒரு பழுப்பு பெல்ட். பேரம் பேசவில்லை. இடுப்புக்கு இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டுத் தந்தார். கிளம்பும்போது நான் வந்த வழியாகவே இறங்கப் போனேன்.

"அந்தப் பக்கம் லைட் இருக்காது சார். இப்படி வாங்க" என்று மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். கடையைத் திறந்து போட்டுவிட்டுத்தான்.