முகேஷின் குரலும் கட்டியக்காரனின் வாயும்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே புகையிலைப் பழக்கத்தை எதிர்க்க ‘ஸ்போக்கன் வேர்ட்’ கவிதையை, அதாவது மேடையேறி வாயால் சொல்லும் கவிதையை, பயன்படுத்துவது பற்றி ரெண்டு வாரமா படிச்சுக்கிட்டு இருக்கேன். படிக்கப் படிக்க மனசு நம்ம தியேட்டர் எச்சரிக்கைப் படங்கள் பக்கமே போனது. அதுவும் வாயால் சொல்வதுதானே.

முகேஷ் ஹரானேவை மறந்திருக்க மாட்டீர்கள். 2009இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பேசியவர். குட்கா மென்றது ஒரே வருஷம். அந்த அக்டோபரிலேயே 24 வயதில் இறந்துபோனார். 2012 அக்டோபரிலிருந்து அவர் எல்லாத் திரையிலும் வந்தார். அடுத்த அக்டோபரில் வேறு படங்களைப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் இன்றைக்கும் பேர் ஞாபகம் இருப்பது அவர் ஒருவருக்குத்தான். காரணம் எளிது: அவர் ‘நான்’ என்று பேசினார். கூடவே வந்த ஸ்பாஞ்ச் படத்தில் பேசியது ஹெட்மாஸ்டர் குரல். அதைப் பசங்க மிமிக்ரி பண்ணிச் சிரிச்சாங்க.

இன்னொன்று. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம்; புகையில்லாப் புகையிலை போடுகிறவர்கள் 21.4 சதவீதம், சரியாக ரெண்டு மடங்கு. ஆனால் ஹீரோ பற்றவைக்கும்போது திரை ஓரத்தில் வரும் வாசகம் புகையைப் பற்றியே பேசுகிறது.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. 1950களில் கறுப்பினப் புகைப்பாளர்களில் மெந்தால் சிகரெட் பிடித்தவர்கள் 10 சதவீதத்துக்கும் கீழே. இப்போது சுமார் 85 சதவீதம். நாக்கு தானாக மாறவில்லை. எபனி பத்திரிகை விளம்பரம், ஜாஸ் விழா, 2004இல் ஹிப்ஹாப் படம் போட்ட ‘கூல்’ பாக்கெட் என்று கம்பெனிகள் மாற்றின. 1990இல் ‘அப்டவுன்’ என்று கறுப்பின மக்களைக் குறிவைத்தே ஒரு சிகரெட்டை பிலடெல்பியாவில் இறக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களும் சர்ச்சுகளும் சேர்ந்து எதிர்த்ததில், கடைக்கு வரும் முன்பே அது போய்விட்டது. 2011இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘தி பிக்கர் பிக்சர்’ என்ற இளைஞர் கவிதைத் திட்டமும் இதே திசைதான். விஷயம் சர்க்கரை நோய். ஆனால் ‘நீ இனிப்பைக் குறை’ என்று உபதேசிக்காமல், இதை எங்கள் தெருவில் கொண்டுவந்து கொட்டுவது யார் என்று கேட்கிறது.

இதையும் ரொம்ப உயர்த்திவிட வேண்டாம். கவிதை கேட்டு நிகோடின் இறங்காது. அதற்கு மருந்து, ஆலோசனை, விலையேற்றம் எல்லாம் வேணும். கைதட்டினவன் வெளியே போய்ப் பற்றவைப்பான். கவிதையால் முடிந்தது கோபத்தின் திசையை மாற்றுவது. நம்ம எச்சரிக்கைகள் அதைத் தொடவே இல்லை.

இங்கே கல்லாவியில் என்ன நிலைமை? 2013லிருந்து தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை. கேட்கிற விதத்தில் கேட்டால் ஹான்ஸ் கிடைக்கும். கர்நாடக எல்லை எட்டுகிற தூரம். ஓசூருக்கு நைட் ஷிப்ட் போகிற பசங்க தூக்கம் வராம இருக்க உதட்டுக்குள்ள வைக்கிறாங்க. பள்ளிக்கூடப் பையன்களிடம் கூல் லிப். புதினா வாசனை, உள்ளே புகையிலை. பேரைக் கவனியுங்கள்: அங்கே கூல், இங்கே கூல் லிப். மெந்தால் கதைதான், ஐம்பது வருஷம் தள்ளி. இதை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக் கூடாது என்று 2024இல் மதுரைக் கிளை கேட்டது.

விழிப்புணர்வுக் கலைநிகழ்ச்சி எங்க பஸ் ஸ்டாண்டுக்கும் வரும். பறை நல்லா அடிப்பாங்க. அப்புறம் ஆபீஸில் எழுதிக் கொடுத்த வசனம், ‘தீய பழக்கம்’, ‘குடும்பம் சீரழியும்’. கூட்டம் பறைக்கு நிற்கும், வசனத்துக்குக் கலையும். கலைஞர்கள் மேல் குறை இல்லை. வாய் அவங்களுது, வார்த்தை அவங்களுது இல்லை.

ஆனால் நம்மிடம் கட்டியக்காரன் இருக்கான். திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி ரெண்டு மணிக்குப் பாரதத்தை நிறுத்திவிட்டு ஊர் வம்பு பேச அவனுக்கு உரிமை உண்டு. துரியோதனன் முகத்துக்கு நேரேகூட நக்கல் அடிப்பான். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் வாயில் ஹான்ஸ். ‘விட்டுடுங்கப்பா’ என்று அவன் சொல்ல வேண்டாம். அந்தப் பாக்கெட் எந்த ஊரில் தயாராகுது, எல்லையில் யார் கண்ணை மூடிக்கிறாங்க, கைமாற மாற விலை எப்படி ஏறுதுன்னு சபையில் கணக்குக் கேட்டால் போதும். இந்த வசனத்தை நான் எழுதினால் கெட்டுப்போகும். சித்திரைக்கு முன்னாடி இங்கே ரெண்டு கூத்து வாத்தியார்களிடம் கேட்டுப் பார்க்கணும்.